துரத்தல் அடி

என் தங்கை புருஷனுக்கு நான் வைத்த பெயர் சாம்பியன். பாராட்டி வைத்த பெயர் இல்லை. கேம் சென்டரில் நடந்த ஏதோ ஒரு போட்டியில் கோப்பை வாங்கிவந்து, அலமாரியிலிருந்த கல்யாணப் போட்டோவை ஓரமாகத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் கோப்பையை வைத்தான். அன்றைக்கு வாய்க்கு வந்தபடி சொன்னேன், ஒட்டிக்கொண்டது. அதையும் அவன் பெருமையாகவே எடுத்துக்கொண்டான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சாம்பியன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தான். தங்கையைத் திரும்பக் கூட்டிப்போக வந்திருந்தான். அம்மா ஃபேனை அவன் பக்கம் திருப்பினாள், குடிக்கக் கொண்டுவந்தாள், முதுகுக்குத் தலையணை வைத்தாள். வாசல் கதவோரம் தங்கையின் பெட்டி தயாராக நின்றது. அதை அடுக்கியது தங்கை இல்லை, அம்மா.

நான் வண்டிப் பட்டறையில் டிங்கர். நசுங்கிப்போன கதவையும் மட்கார்டையும் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவது என் பிழைப்பு. அடி எந்தப் பக்கமிருந்து விழுந்தது என்று தகரத்தைத் தடவினாலே எனக்குத் தெரிந்துவிடும். தங்கை எங்கள் வீட்டுக்கு வந்த அன்று குளித்துவிட்டு வந்தவளின் முதுகைப் பார்த்தேன். தோள்பட்டையில், விலாவில், இடுப்புக்கு மேலே எல்லாம் கன்றிப்போய்க் கிடந்தது. முகத்தில் ஒரு கீறல் இல்லை. அத்தனையும் பின்னாலிருந்து விழுந்த அடி.

“எதிர்ல உக்காந்திருந்தா அடிக்க மாட்டார்க்கா,” என்றாள். “பேசிட்டே இருப்பார். போதும்னு நான் எழுந்து திரும்புவேன் பாரு, அப்பதான் விழும்.”

எனக்கு மூக்கின்மேல் கோபம். சுத்தியலை எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பினேன். அவள்தான் காலைக் கட்டிக்கொண்டு தடுத்தாள். அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா தையல் மிஷினிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு போன தடவை அவளேதானடி சொன்னா? இப்ப மாத்திப் பேசுனா எதை நம்புறது? என் முன்னாடி அந்த மனுஷன் ஒரு வார்த்தை அதிர்ந்து பேசியிருக்காரா? உனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அவ மனசையும் சேர்த்துக் கெடுக்காதே.”

எனக்கு அவனைக் கண்டால் ஆகாது என்பது உண்மைதான். அதனாலேயே என் சாட்சி செல்லாமல் போயிற்று. புருஷன் பொண்டாட்டி என்றால் நாலும் இருக்கும், ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, ஒரு பெண்ணைத்தான் கட்டிக்கொடுக்க முடிந்தது, அதுவும் திரும்பி வந்தால் தெருவில் எப்படித் தலைகாட்டுவது என்று ஒரு வாரமாக இதே பாட்டு. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்ததும் அவரோடு அனுப்பிவிடுவது என்று அம்மா முடிவே கட்டிவிட்டாள். அது அம்மாவின் வீடு. அம்மா போ என்றால் தங்கை போய்த்தான் ஆகவேண்டும்.

“கிளம்பலாமா?” என்றான் சாம்பியன், பால்போல ஒரு குரலில். “அத்தைக்கு வீண் சிரமம் பாரு.”

தங்கை சுவரோரம் நின்றிருந்தாள். டிவிக்குக் கீழே இருந்த கேம் பெட்டியைக் காட்டினாள்.

“ஒரு ஆட்டம் ஆடலாம். ரத்தக்களத்துல. நான் தோத்தா பெட்டிய எடுத்துட்டு வாயத் திறக்காம உங்க பின்னாடி வரேன். இனிமே இங்க வரமாட்டேன். நீங்க தோத்தா தனியா போகணும். இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது.”

“ஏய், பணயம் வைக்க நீ என்ன ஆடா மாடா?” என்று நான் கத்தினேன். “கிறுக்கு புடிச்சிருச்சா உனக்கு?”

சாம்பியன் விழுந்து விழுந்து சிரித்தான். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அவனை ஒருதடவைகூட ஜெயித்ததில்லை. “அத்தை, கேட்டீங்களா? நீங்கதான் சாட்சி,” என்றான். அம்மா சிறுபிள்ளைகள் சண்டையைப் பார்ப்பதுபோலச் சிரித்துவிட்டு, ஆடிவிட்டாவது ஒழுங்காகக் கிளம்புங்கள் என்றாள்.

நான் தங்கையை உள்ளே இழுத்தேன். “நீ ஜெயிச்சாலும் அவன் சொன்ன வார்த்தையக் காப்பாத்துவானா?”

“மாட்டார்.”

“அப்புறம் என்ன மண்ணாங்கட்டிக்கு இது?”

“அம்மாவை எழுந்து போகவிடாம பக்கத்துலயே உக்கார வை. அது போதும்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முட்டையில் பொரித்து, தீனி போட்டு, பழக்கி வளர்த்த மிருகங்களை மோதவிடுகிற ஆட்டம். ஆளுக்கு மூன்று மிருகம். களத்தில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் ஒரே சமயத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடிக்கலாம். அடிபட்ட மிருகத்தைப் பின்வாங்கவைத்து வேறொன்றை இறக்கலாம். எதிராளி பின்வாங்குவான் என்று தோன்றினால் துரத்தலாம். துரத்தல் அடி ஓடுகிற முதுகில் விழும், கடியைவிட இரண்டு மடங்கு. ஆனால் ஓடுவான் என்று நினைத்தவன் ஓடாமல் நின்றுவிட்டால், துரத்தின மிருகம் குறி தப்பிச் சறுக்கி, கழுத்தைக் காட்டிக்கொண்டு கிடக்கும்.

இன்னொன்றும் உண்டு. பின்வாங்கும் பொத்தானில் விரலை வைத்தாலே போதும், களத்தில் நிற்கும் மிருகம் ஒருதரம் பின்னால் திரும்பிப் பார்க்கும். எதிராளிக்கும் அது தெரியும். நேரம் முடிவதற்குள் மனதை மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். சாதாரணக் களத்தில் செத்த மிருகம் மறுநாள் எழுந்துவிடும். ரத்தக்களத்தில் செத்தால் செத்ததுதான். எத்தனை வருஷம் வளர்த்ததாக இருந்தாலும் குழிக்குள் போய்விடும். நானெல்லாம் கடியைத் தவிர வேறு பொத்தானே அமுக்கமாட்டேன், அதனால்தான் எல்லோரிடமும் தோற்கிறேன்.

அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன். இருவரும் தரையில் ஜாய்ஸ்டிக்கோடு உட்கார்ந்தார்கள். திரையில் செம்மண் களம் விரிந்தது.

அவன் முதலில் இறக்கியது கொம்பன். எருமைக்கும் காண்டாமிருகத்துக்கும் பிறந்த மாதிரி ஒரு ஜென்மம். தங்கை இறக்கியது கொசு. நீளக் கால், கண்ணாடிச் சிறகு, ஊசி மூக்கு. கொசு பாய்ந்து கொம்பனின் கண்ணோரம் குத்தியது, ரத்தம் பீறிட்டது. கொம்பன் தலையைத் தாழ்த்தி ஒரே முட்டாக முட்டியது. ஒரு சிறகு வேரோடு பிய்ந்து தொங்கியது. தங்கை பின்வாங்கினாள். அவன் துரத்தினான். திரும்பிப் பறந்த கொசுவின் முதுகில் கொம்பு இறங்கி நெஞ்சு வழியாக வெளியே வந்தது. கொம்பன் அதைத் தூக்கி உதறியது. இரண்டு துண்டாக விழுந்தது.

“ஐயோ, என்ன கருமம்டா இது!” என்று அம்மா முகத்தைச் சுளித்தாள்.

“உன் புத்தி மாறவே மாறாது,” என்று சாம்பியன் தங்கையிடம் சொன்னான். “அடிபட்டா ஓடுவ. ஓடுனா விழும். எத்தனை தரம் சொல்லிக்குடுத்திருக்கேன்?”

எனக்குக் கை துறுதுறுத்தது. ஏண்டி ஓடினாய் என்று அவள் தலையில் ஒரு குட்டு வைக்கத் தோன்றியது. அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை.

அடுத்துத் தங்கை இறக்கியது முள்ளி. உடம்பெல்லாம் முள், வாயின் இரு பக்கமும் தந்தம். கொம்பன் மோத, முள்ளி கடிக்க, இரண்டும் தோல் கிழிந்து நின்றன. முள்ளியின் முன்னங்கால் ஒடிந்து மடங்கியது. அது திரும்பிப் பார்த்தது. சாம்பியனின் கட்டைவிரல் பட்டென்று துரத்தலை அமுக்கியது. முள்ளி ஓடவில்லை. கொம்பன் அதைத் தாண்டிப் பாய்ந்து, மண்ணில் சறுக்கி, கழுத்து மேலே தெரிய விழுந்தது. முள்ளி ஒடியாத முன்னங்காலை ஊன்றித் தாவி ஏறி இரண்டு தந்தத்தையும் அந்தக் கழுத்தில் சொருகித் திருகியது. கொம்பனின் கால்கள் கொஞ்சநேரம் மண்ணை உதைத்தன, பிறகு நின்றன.

“போடு!” என்று கத்திவிட்டேன்.

“சும்மா இருங்க அண்ணி,” என்றான். பால் குரல் லேசாகத் திரிந்திருந்தது. “அதிர்ஷ்டம். ஒருதடவைதான்.”

இரண்டாவதாக நச்சுவாயனை இறக்கினான். உடும்பு மாதிரி இருக்கும், அது துப்பினால் சதை பொரிந்துவிடும். துப்பிய விஷத்தில் முள்ளியின் பாதி முகம் உருகி வழிந்தது, கீழே தாடை எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. எப்படியும் சாகப்போகிற மிருகம். அவன் பேசாமல் இருந்தாலே போதும், விஷம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். முள்ளி மெல்லத் திரும்பிப் பின்னால் பார்த்தது. அவனுக்கு அது பொய் என்று தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விரலை மடக்கியதை நானே பார்த்தேன். கடைசி நொடியில் விரல் பொறுக்கவில்லை, துரத்தினான். முள்ளி சாய்ந்தபடியே தந்தத்தை மேல்நோக்கிப் பிடித்தது. தாண்டிப் பாய்ந்த நச்சுவாயனின் வயிறு தாடையிலிருந்து வால்வரை கிழிந்து, குடல் களமெல்லாம் சரிந்தது. அதன்மேலேயே முள்ளியும் விழுந்து செத்தது.

ஆக, ஆளுக்கு ஒன்று மிச்சம். தங்கையிடம் இருந்தது சொறியன், வழுக்கை விழுந்த ஆமை. அதைப் பார்த்தால் யாரும் சிரிப்பார்கள். அவனிடம் இருந்தது ராசா.

ராசா களத்துக்குள் வந்ததும் தங்கை ஜாய்ஸ்டிக்கை மடியில் இறக்கிவிட்டாள். எனக்குக் காரணம் தெரியும். ஆட்டத்தில் கணக்கு அவன் பெயரில் இருந்தாலும் ராசாவை முட்டையிலிருந்து பொரித்தவள் அவள். அவன் வேலைக்குப் போன பிறகு அந்த வீட்டில் அவளுக்குப் பேச்சுத்துணை அதுதான். கறுப்பு வரி, பொன்நிறக் கண், புலி மாதிரி நடை. சண்டைக்கு முன்னால் முன்னங்காலை நீட்டி ஒரு கும்பிடு போடும். அதைப் பழக்கினதும் அவள்தான்.

சாம்பியன் வேண்டுமென்றே கும்பிடு போடவைத்தான். “பாரு, அம்மாக்கு வணக்கம் சொல்லுது,” என்றான். “நீ வளர்த்த புள்ள. கொல்லு பாக்கலாம். உன்னால முடியாது. உனக்கும் எனக்கும் அது தெரியும்.”

முதல் சுற்றில் அவள் ஒன்றும் அமுக்கவில்லை. ராசா பாய்ந்து சொறியனின் ஓட்டைப் பிளந்தது. இரண்டாம் சுற்றிலும் அமுக்கவில்லை. பிளந்த இடத்தில் நகத்தை விட்டுச் சதையைத் தோண்டி எடுத்தது. சொறியனின் ஒரு கண் பிதுங்கித் தொங்கியது. உயிர்க்கோடு நூலாகிவிட்டது.

“அடிடி!” என்று நான் அலறினேன். “வெறும் படம்டி அது! நீ பொட்டி தூக்கிட்டுப் போகப்போறியா? அடி!”

“அக்கா, வாய மூடு,” என்றாள். அழுதுகொண்டிருந்தாள்.

இனி அவனுக்கு ஒரே ஒரு கடி போதும். சாதாரணக் கடி. ஆட்டம் முடிந்தது, அவள் பெட்டியைத் தூக்கவேண்டியதுதான். அப்போது சொறியன் மீதமிருந்த ஒற்றைக் கண்ணால் பின்னால் திரும்பிப் பார்த்தது. அதற்குப் பின்னால் யாரும் இல்லை. மாற்றி இறக்க ஒரு மிருகமும் மிச்சமில்லை. ஓடவே முடியாது. ஆட்டம் தெரிந்த சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். கோப்பை வாங்கிய சாம்பியனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் எதிரில் நிற்கிறவள் முதுகைத் திருப்பப்போகிறாள் என்று கண்டதும் அவன் கண்ணில் ஒன்று ஏறியது. ஓட இடமே இல்லாததைப் போய்த் துரத்தினான்.

சொறியன் நின்றது. ராசா தாண்டிப் போய்ச் சறுக்கி, கழுத்தைக் காட்டிக்கொண்டு விழுந்தது. தங்கை கண்ணை மூடாமல் பொத்தானை அமுக்கினாள். ஆமையின் வாய் ராசாவின் கழுத்தைக் கவ்வியது. விடவில்லை. எலும்பு நொறுங்கும் சத்தம் டிவியில் கேட்டது. ராசா துள்ளியது, நகத்தால் காற்றைக் கிழித்தது, தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. திரையில் குழி ஒன்று திறந்து அதை உள்ளே இழுத்துக்கொண்டது. பெயர் இருந்த இடம் காலியாயிற்று.

சாம்பியன் கொஞ்சநேரம் அந்தக் காலி இடத்தையே பார்த்தான். பிறகு ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு ஏங்கி ஏங்கி அழத் தொடங்கினான். நடிப்பில்லை. மூக்கொழுக, தோள் குலுங்க, நிஜமாகவே அழுதான். என் தங்கை முதுகு அப்படிக் கன்றிக் கிடந்தபோது ஒரு சொட்டு விடாத கண் அது.

அம்மா துண்டை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

“பாவம்டி! ஒரு பொம்மைக்கே இப்படி அழற மனசுடி இது. இவரா உன்ன அடிச்சிருப்பார்? எழுந்திரு, மூஞ்சியக் கழுவிட்டுக் கிளம்பு.”

“அவதாம்மா ஜெயிச்சா!” என்றேன். “ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம். நீ அதுக்குத் தலை துவட்டுறியா?”

“விளையாட்டு விளையாட்டோட போச்சு. அதுக்காக வாழ்க்கைய அத்துவிட முடியுமா? நீ நடுவுல பேசாதே.”

தங்கை அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் ஏதாவது மாறுமா என்று தேடிய மாதிரி இருந்தது. மாறவில்லை. ஜாய்ஸ்டிக்கை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தாள்.

“தோத்தவர் கிளம்பலாம்,” என்று அவனிடம் சொன்னாள். “எனக்கு உள்ள வேலை இருக்கு.”

சொல்லிவிட்டுத் திரும்பி அடுக்களைப் பக்கம் நடந்தாள். அவசரமே இல்லாமல் நடந்தாள்.

அவன் எப்போது எழுந்தான், எப்போது எங்களைத் தாண்டினான் என்று தெரியவில்லை. கண்ணீர் காயாத முகத்தோடு பாய்ந்தான். அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கி அவள் பின்மண்டையில் இறக்கினான். அவள் முன்னால் சாய்ந்து, நெற்றி நிலைக்கதவில் மோத, அப்படியே மடங்கி விழுந்தாள். விழுந்தவளின் முதுகில் உதைத்தான். “என் ராசாவைக் கொன்னுட்டியேடி! என்கிட்டேயே முதுகைக் காட்டுறியா? காட்டுறியா?” ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு உதை. பழகின கால். எங்கே உதைத்தால் வெளியே தெரியாது என்று அதற்குத் தெரிந்திருந்தது.

நான் அவனைப் பிடித்தேன். பிடித்தது மட்டும்தான் ஒழுங்காக நினைவிருக்கிறது. வாரம் முழுக்க இரும்பை வளைக்கிற கை இது. சுவரில் அடித்தேன். முகத்தில் குத்தினேன், மூக்கு என் முட்டியில் நொறுங்கியது தெரிந்தது. என் கழுத்தைப் பிடிக்க வந்த கையைப் பிடித்துப் பின்னால் முறுக்கினேன். மணிக்கட்டு முறிந்தது. “அத்தை! அத்தை, கை போச்சு! சொல்லுங்க அத்தை!” என்று அலறினான்.

அம்மா வந்தாள். கையில் இன்னும் அந்தத் துண்டு இருந்தது. விலக்கிவிடத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவன் முடியைக் கொத்தாகப் பிடித்து, வாயிலேயே ஒன்று விட்டாள். பிறகு இன்னொன்று. தையல் மிஷின் ஓட்டும் மெலிந்த கை, ஆனால் அவன் உதடு கிழிந்தது.

“வெளிய போடா நாயே,” என்றாள்.

இருவரும் சேர்ந்து அவனை வாசலுக்கு இழுத்துப்போய்த் தெருவில் தள்ளினோம். எதிர்வீட்டில், பக்கத்து வீட்டில் எல்லோரும் நின்று பார்த்தார்கள். அம்மா யாரையும் பார்க்கவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

தங்கை நிலைக்கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பின்தலையிலிருந்து ரத்தம் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நெற்றி பிளந்திருந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து அவளை மடியில் சாய்த்து, துண்டை மடித்துக் காயத்தில் அழுத்தினாள். துண்டு உடனே நனைந்துவிட்டது. எனக்குப் பயத்தில் கோபம்தான் வந்தது.

“ஏண்டி, அறிவில்ல உனக்கு? அவன் புத்தி உன்னைவிட யாருக்குடி தெரியும்? தோத்த வெறியில இருக்கான், அவனுக்கு முதுகைக் காட்டிட்டு நடந்து போற? என்னைப் பக்கத்துல கூப்பிட்டிருக்கக் கூடாதா?”

“நீ பக்கத்துல இருந்தா அடிச்சிருக்க மாட்டார்க்கா,” என்றாள். பேசும்போது பல் ரத்தமாக இருந்தது.

கொஞ்சநேரம் எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ராசாவைக் கொன்றது அவனை ஜெயிப்பதற்காக இல்லை.

அம்மாவுக்கும் புரிந்துவிட்டது.

“நான் பாக்கணும்னா?” என்றாள். “நான் பாக்கணும்னா இந்த அடிய வாங்குன?”

“சொன்னப்ப நீ நம்பியிருந்தா, திரும்பியிருக்க மாட்டேன்மா.”

அம்மா துண்டை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்கச் சொல்லி எனக்குக் கையை மட்டும் காட்டினாள்.